இடப்பக்கம் என்ன வருது?

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். இங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். உன் முட்டி வலி தேவலையா? நாள் பூரா வெட்டு மேசை முன்னாடி நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, தையல் கம்பெனியில ஒரு ஸ்டூலாவது போட்டுக் கொடுத்தாங்களா?

போன் இருக்கும்போது இவன் எதுக்குக் கடிதம் எழுதுறான்னு யோசிப்ப. நான் இப்ப ஒரு மடக்கு மேசையில உட்கார்ந்திருக்கேன். அந்த மேசை ஒரு வண்டிக்குள்ள இருக்கு. வண்டி என் வீட்டு வாசல்ல நிக்குது. இங்க உட்கார்ந்தா போனை எடுக்கத் தோணல, கை பேனாவைத் தேடுது. ஆமாக்கா, வாங்கிட்டேன். கேம்பர் வேன். என்னை விட வயசுல மூத்தது. மேல பால் நிறம், கீழ பாசிப் பச்சை. மூஞ்சி உருண்டையா, யாரோ கிச்சுகிச்சு மூட்டி விட்ட மாதிரி இருக்கும்.

உள்ள ஏறிப் பார்த்தாத்தான் உனக்குப் புரியும். ரெண்டு பர்னர் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, அதுக்குக் கீழ தண்ணிக் கேன். சீட்டை இழுத்தா கட்டில். கூரையைத் தூக்கி நிறுத்தினா நிமிர்ந்து நிக்கலாம். கரண்டி மாட்டுற கொக்கியைக் கூட எவனோ ஒருத்தன் அளந்து வச்சிருக்கான். முதல் நாள் உள்ள உட்கார்ந்தப்ப, ஒரு குடும்பம் இவ்வளவுக்குள்ள அடங்கும்னா மீதி வீடெல்லாம் எதுக்குன்னு தோணுச்சு. இதை உன் தம்பி பொண்டாட்டிகிட்ட சொன்னேன். "மீதி வீட்டைக் கூட்டிப் பெருக்கறது யாருன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்"னா.

கார்ல போறப்ப கொஞ்சம் நிதானமாப் போனா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிப்பான். இதுல ஊர்ந்து போனாலும் கையாட்டிட்டுப் போறான். ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரிதான், அதனால பொழுது சாயறதுக்குள்ள எங்கயாவது ஓரங்கட்டிடணும். அதுவும் நல்லதுக்குத்தான். காரை வித்துட்டேன், ரெண்டு வண்டி எதுக்கு.

முன்னாடி ஒரே பெஞ்சு சீட்டு. என் மகள் அதுல மகாராணி மாதிரி உட்கார்ந்து வர்றா. மிளகுன்னு நீ வச்ச பேருக்கு ஒன்பது வயசுலயே காரம் ஏறிப் போச்சு. அவ அம்மா வாரம் பூரா ராத்திரி ஷிப்டு பார்த்துட்டு வர்றவ, பின் கட்டில்ல தலையைச் சாய்ச்சா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டா.

உடம்பைப் பார்த்துக்க. மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி


மார்ச் 17

டேய் தூங்குமூஞ்சி,

கடிதம் வந்துச்சு. மச்சானும் நானும் சுகம். முட்டி அது பாட்டுக்கு இருக்கு, நான் என் பாட்டுக்கு இருக்கேன். ஸ்டூல் கொடுத்தாங்க. அதுல சூப்பர்வைசர் உட்கார்ந்திருக்கார்.

முதல்ல படிச்சப்ப சிரிச்சேன். ரெண்டாவது தடவை படிச்சப்ப கோவம் வந்துச்சு. காருக்கு என்னடா கேடு? நல்லா ஓடிட்டிருந்த காரை வித்துட்டு, பிறந்த வருஷம் கூடத் தெரியாத ஒரு தகர டப்பாவை வாங்கி வச்சிருக்க. பல் செட்டு செய்யிறவனுக்கு வாய் நீளம்னு தெரியும், புத்தி இவ்வளவு குட்டைன்னு தெரியாது.

சரி, அது உன் இஷ்டம். இன்னொண்ணு கேக்கணும். அப்பாவுக்குக் கடைசி காலத்துல கண்ணு பார்த்த டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? இது பரம்பரையா வரும், ஓரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு, குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி நடு மட்டும்தான் தெரியும், பிள்ளைங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் கண்ணைக் காட்டிக்கணும்னார். நான் காட்டிட்டேன், எனக்கு ஒண்ணும் இல்ல. நீ போன வருஷமே போறேன்னு சொன்ன. போனியா?

போன்ல கேட்டா "சரிக்கா, சரிக்கா"ன்னு சொல்லி வச்சிடுவ. அதனால நானும் கடிதத்துலயே கேக்குறேன். வண்டிக் கதை எவ்வளவு வேணா எழுது. இதுக்கும் ஒரு வரி எழுது.

உன் பொண்டாட்டியையும் மிளகையும் கேட்டதாச் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அங்க வெயில் எப்படி? மச்சான் இருமல் நின்னுச்சா?

போன வாரம் ஒரு ஏரிக்கரையில எங்களை மாதிரி கிறுக்குப் பிடிச்சவங்க எல்லாம் கூடினாங்க. வரிசையாப் பழைய வண்டி, வாசல்ல மடக்கு நாற்காலி, ஆளுக்கு ஒரு கெட்டில். இதை ஏன் வாங்கினீங்கன்னு யாரைக் கேட்டாலும் முதல்ல எஞ்சினைப் பத்தித்தான் பேசுறாங்க. ரெண்டாவது டீ குடிக்கிறப்பதான் நெஜம் வெளிய வருது. ஒருத்தர் கப்பல்ல சமையல்காரரா இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுத் தரை அசையாம கிடக்கிறதால தூக்கம் வரலையாம், இதுல காத்தடிச்சா லேசா ஆடுதாம். கோர்ட்டுல டைப்பிஸ்டா இருக்கிற அம்மா ஒருத்தங்க, தன் வீட்டுல இருக்கிற எல்லாக் கதவையும் யார் வேணா திறக்கலாம், இந்த ஒரு கதவுக்கு மட்டும்தான் சாவி தன்கிட்ட இருக்குன்னு சொன்னாங்க. இன்னொருத்தர் வண்டியை ஓட்டுறதே இல்ல. துடைக்கிறார், உள்ள உட்கார்றார், மறுபடி துடைக்கிறார். அவர் பொண்டாட்டி தூர நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. உன் நெஜம் என்னப்பான்னு என்னையும் கேட்டாங்க. நான் எஞ்சினைப் பத்தியே பேசிட்டு வந்துட்டேன்.

கண்ணு பத்திக் கேட்டிருந்த. கடைவாய்ப் பல்லுல தலைமுடி அளவுக்கு விரிசல் இருந்தாலும் லேப்ல நான்தான் கண்டுபிடிக்கிறேன். போதுமா?

மிளகுக்கு ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சேன். வண்டி கிளம்பினதும் நான் "இடப்பக்கம் என்ன வருது?"ன்னு கேப்பேன். அவ கண்ணுல பட்டதை எல்லாம் சொல்லணும். சைக்கிள், நாய், குடை பிடிச்ச தாத்தா. எதையும் விடாம வீடு வந்து சேர்ந்தா அவதான் இடப்பக்க மந்திரி. என்னமாச் சொல்றா தெரியுமா, ஒரு கோழியைக் கூட விடறதில்ல.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள மலைக்குப் போகப் போறோம். மேல வரைக்கும் ஓட்டிட்டுப் போய் ராத்திரி அங்கயே தங்கறதா பிளான்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

நாங்க சுகம். உன் கடிதம் நேத்து சாயங்காலம் வந்துச்சு. விடிஞ்சதும் பதில் எழுத உட்கார்ந்துட்டேன்.

அப்பா ரொட்டி வேன் ஓட்டின காலத்துல நீ கைக்குழந்தை. அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவா. அதனால உன்னை ரொட்டித் தட்டுக்கு நடுவுல துணி விரிச்சுப் படுக்க வச்சிட்டு நானும் அப்பாவும் கடை கடையாப் போவோம். நீ தூங்கிட்டே வருவ, தூங்குமூஞ்சிங்கிற பேரு அப்ப வந்ததுதான். நான் முன் சீட்டுல. "கண்ணு, உன் பக்கம் என்ன வருது?"ன்னு அப்பா கேப்பார். சைக்கிள், நாய், பால்காரர், பந்தைத் துரத்திட்டு ஓடி வர்ற பிள்ளை, எல்லாம் சொல்வேன். ஒழுங்காச் சொன்னா கடைசிக் கடையில எனக்கு ஒரு பன்னு. பெருமைன்னா அவ்வளவு பெருமை எனக்கு.

அது விளையாட்டு இல்லன்னு எப்பத் தெரிஞ்சது தெரியுமா? அந்தக் கண் டாக்டர் படம் போட்டு விளக்கினப்ப. எனக்கு அப்பவே நாப்பது வயசு தாண்டியாச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்பா கையைப் பிடிச்சிட்டுதான் நடந்து வந்தேன். அந்தக் கையை உதறிட்டுப் போயிடணும்போல இருந்துச்சு.

நான் இன்னிக்கு வரைக்கும் பஸ்ல தூங்கினதில்லடா. மச்சான் கேலி பண்ணுவார். ஜன்னலோரம் உட்கார்ந்தா வாய் தானா முணுமுணுக்கும், சைக்கிள், நாய், பால்காரர்னு. சொல்லாம விட்டா யாருக்கோ என்னமோ ஆயிடும்னு பயம். நீ மிளகுக்கு அதைத்தான் பண்ணிட்டிருக்க.

டாக்டர் என்ன சொன்னார்? கடைவாய்ப் பல்லை விட்டுட்டு அதை எழுது.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீயும் மச்சானும் நலம்னு நினைக்கிறேன். கார்புரேட்டரைக் கழட்டிப் போட்டிருந்தேன், அதான் உடனே எழுத முடியல.

எதுக்கெடுத்தாலும் அப்பாவைக் கொண்டு வந்து முடிச்சுப் போடாத. பிள்ளையோட ஒரு விளையாட்டு விளையாடக் கூட உன்கிட்ட அனுமதி வாங்கணுமா? இடப்பக்கம் ரெண்டு இடத்துல உரசினதைப் பத்தி என் பொண்டாட்டி உன்கிட்ட போன்ல சொல்லியிருப்பா, அதான் நீ இந்தக் குதி குதிக்கிற. வாசல் தூணை எவன் அந்த இடத்துல கட்டினான்னு அவனைக் கேளு. பழைய வண்டின்னா உரசல் இருக்கத்தான் செய்யும்.

அவகிட்ட இந்தக் கண்ணு பேச்சையெல்லாம் எடுக்காத. ராத்திரி பூரா ஊர்ல உள்ளவங்க புகாரை எல்லாம் போன்ல கேட்டுட்டு வர்றா. உன் புகாரும் சேர்ந்தா தாங்க மாட்டா.

தம்பி


மே 4

தம்பி,

இங்க எல்லாம் எப்பவும் போலத்தான்.

உன் பொண்டாட்டி உரசலைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீதான் இப்ப சொன்ன.

நான் தப்புன்னா என் வாயை அடைக்க ஒரு வழி சொல்றேன். ஆளே இல்லாத ஒரு மைதானத்துக்குப் போ. இடப்பக்கம் ஏதாவது கேனோ பெட்டியோ வச்சிட்டு, மிளகை வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு ஒரு சுத்து ஓட்டு. ஒண்ணும் ஆகலன்னா நான் பைத்தியக்காரின்னு நானே எழுதிக் கொடுக்கிறேன். அது வரைக்கும் பிள்ளையை ஏத்திட்டு ரோட்டுல போகாத.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? மிளகு அம்மாவுக்கு லேசா ஜலதோஷம், வேற ஒண்ணும் இல்ல.

மார்க்கெட்டுக்குப் பின்னாடி லாரி நிறுத்துற இடம், ஞாயித்துக்கிழமை காலியாத்தான் கிடக்கும். தண்ணிக் கேனை மூணு இடத்துல வச்சேன். நான் சொல்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாதுன்னு மிளகுகிட்ட சொன்னேன், அவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. நான் மெதுவாத்தான் ஓட்டினேன். மூணு கேனும் போச்சு. சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சது. திரும்பிப் பார்த்தா, பொத்தின கையை எடுக்காமலே அழுதுட்டிருந்தா. நான் இன்னும் பேசச் சொல்லலையே, அதனால.

டாக்டர்கிட்ட போன வருஷமே போயிட்டேன். நடு இன்னும் கொஞ்ச காலம் நல்லா இருக்கும், ஓரம் பாதிக்கு மேல போயிடுச்சு, ஓட்டுறதை இன்னிக்கே நிறுத்திடுங்கன்னு சொன்னார். அதுக்கப்புறமும் கார் ஓட்டினேன், வலப்பக்கம் ஜன்னலோரம் தலையைத் திருப்பிச் சமாளிச்சேன், இடப்பக்கம்தான் முடியல. அடிக்கு அடி ஹாரன். கண்ணு தெரியலையாடான்னு ஒருத்தன் ஜன்னல் வழியாத் தலையை நீட்டிக் கேட்டான். திட்டுறதுக்குத்தான் கேட்டான், நான் காரை ஓரங்கட்டிட்டேன். அந்த வாரம்தான் இந்த வண்டி விலைக்கு நின்னதைப் பார்த்தேன்.

ஏன் இதை வாங்கினன்னு ஏரிக்கரையில கேட்டாங்கன்னு எழுதினேன்ல. உன்கிட்ட சொல்றேன். மெதுவாப் போனா, வண்டிக்கு வயசாச்சுன்னு சிரிக்கிறாங்க. உரசினா, பழைய வண்டி. ராத்திரி ஓட்டலன்னா, லைட்டு சரியில்ல. என் குறை அத்தனையும் அது தன் தலையில போட்டுக்குது. அப்படி ஒரு ஜீவன் கிடைச்சா நீ விடுவியா? நான் அது மேல உயிரையே வச்சிருக்கேன்.

மலை ரோட்டுல மேல ஒரு திருப்பம் இருக்காம். வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு பின் கதவைத் திறந்தா, கண்ணுக்கு எட்டின மட்டும் பள்ளத்தாக்காம். நடு மட்டும் மிஞ்சுறதுக்குள்ள அதை நான் ஒரு தடவை அகலமாப் பார்க்கணும். நானே ஓட்டிட்டுப் போய்ப் பார்க்கணும். இந்த ஒரு பயணம்தான்க்கா. வந்ததும் சாவியை நானே கொடுத்திடுறேன். மிளகு கூட இருப்பா, அவ எதையும் விட மாட்டா.

அவ அம்மாகிட்ட சொல்லிடாத. கும்பிட்டுக் கேக்குறேன்.

தம்பி


மே 22

அன்புள்ள மிளகு அம்மாவுக்கு,

ஜலதோஷம் சரியாச்சா? இந்தக் கடிதம் எதுக்கு உன் ஆபீஸ் விலாசத்துக்கு வருதுன்னு பயப்படாத. பயப்பட வேண்டியது வேற இருக்கு. உன் போனுக்கு அடிச்சா, நீ தூங்குறன்னு அவன்தான் எடுக்குறான். ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா பாட்டு ஓடுது, கடைசியில ஒரு பொண்ணு வந்து உங்க புகார் என்னம்மான்னு கேட்டா. என்னன்னு சொல்றது நான்.

நேராச் சொல்லிடுறேன். எங்க அப்பாவுக்கு வந்த கண்ணு நோய் இவனுக்கும் வந்திருக்கு. ஓரம் தெரியாது. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டார். நீ பின்னாடி தூங்குறப்ப மிளகு சொல்லச் சொல்லத்தான் அவன் ஓட்டுறான். அந்த விளையாட்டைப் பத்தி ஏப்ரல்ல அவன் எழுதினப்பவே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. அவன் வாயால வரட்டும்னு இருந்தேன். இப்ப வந்துடுச்சு. உன்கிட்ட சொல்லாதன்னு கும்பிட்டுக் கேட்டிருக்கான்.

மலைக்குப் போகாதீங்க. பிள்ளையை அந்த சீட்டுல ஏத்தாத. அவன் என்னை மன்னிக்க மாட்டான், பரவாயில்ல.

அண்ணி


ஜூன் 2

அண்ணிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். உயிரோட இருக்கோம்ங்கிற கணக்குல சொல்றேன்.

உங்க கடிதத்தை வேலைக்கு நடுவுல படிச்சேன். நம்பல. என் வீட்டுக்காரர் ஒரு பல்லை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தே மேல் வரிசையா கீழ் வரிசையான்னு சொல்றவர். காலையில வீட்டுக்கு வந்ததும், மிளகைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, பெட்ரோல் போட்டுட்டு வரலாம் நானும் வர்றேன்னு சொன்னேன். நான் முன் சீட்டுல உட்கார்றது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஒரே சந்தோஷம். கிளம்பினதும் சிரிச்சிட்டே "இடப்பக்கம் என்ன வருது?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கல. நம்பாததால திறக்கல, அண்ணி. உங்க சந்தேகத்தைப் பொய்யாக்கிட்டு வந்து உங்களுக்கு நாலு வார்த்தை எழுதணும்னு இருந்தேன்.

சலவைக் கடை முக்குல ஒரு பொண்ணு கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டு இடப்பக்கமா இறங்கினா. எனக்கு நல்லாத் தெரியுது. இவர் கூரைத் துணியை மாத்தணும்னு பேசிட்டே போறார். கால் பிரேக்குக்குப் போகவே இல்ல. நான் கை பிரேக்கைப் பிடிச்சு இழுத்தேன். வண்டி உதறிட்டு நின்னுச்சு. தள்ளுவண்டிச் சக்கரம் எங்க பம்பரைத் தொட்டுட்டு நிக்குது. குழந்தை முழிக்கக் கூட இல்ல. அந்தப் பொண்ணு தள்ளுவண்டியைப் பின்னால இழுத்துக்கிட்டா. இவர் என்னைப் பார்த்து, "எதுக்கு பிரேக் போட்ட?"ன்னு கேட்டார்.

சாவி என்கிட்ட இருக்கு. நடந்துதான் லேப்புக்குப் போறார். சாயங்காலம் வந்ததும் வண்டிக்குள்ள ஏறிக் கதவைச் சாத்திக்கிறார்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஏப்ரல்ல உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வாராவாரம் என் பிள்ளை அந்த சீட்டுல உட்கார்ந்தா. நான் பின்னாடி தூங்கிட்டிருந்தேன். உங்க தம்பி வாயிலிருந்து வரணும்னு காத்திருந்தீங்களே, என் பிள்ளையை வச்சா காத்திருந்தீங்க? எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம். சொன்னதுக்கு நன்றியும் சொல்லணும். ரெண்டும் ஒரே கடிதத்துல எழுத வரல.

மிளகு அம்மா


ஜூலை 12

அன்புள்ள அத்தைக்கு,

நான் மிளகு எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். நீங்களும் மாமாவும் நல்லா இருக்கீங்களா? அத்தை கால் எப்படி இருக்கு?

நாங்க மலைக்குப் போகல. லீவு முடிஞ்சுபோச்சு. அப்பா யார்கூடயும் பேச மாட்டேங்கிறார், என்கூட மட்டும் கொஞ்சம் பேசுறார். அம்மா ராத்திரி ஷிப்டை மாத்திக்கிட்டாங்க. நான் அப்பா கூட லேப் வரைக்கும் நடந்து போறேன், படி வந்தா சொல்றேன்.

அத்தை, ஒரு ரகசியம். அப்பாகிட்ட இன்னொரு சாவி இருக்கு. லேப் கோட்டு பாக்கெட்டுல. அம்மாவுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை, காலையில சீக்கிரமா, அம்மா எழுந்திரிக்கிறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் மலைக்குப் போயிட்டு வந்திடலாமான்னு கேட்டார். நீ கவனமாப் பார்த்துச் சொன்னா போகலாம்னார். அன்னிக்கு நான் வண்டியில இருந்திருந்தா அந்தத் தள்ளுவண்டியைச் சொல்லியிருப்பேன். அம்மாவுக்குச் சொல்லத் தெரியல. நான் இல்லாததாலதானே அப்பாவுக்கு இப்படி ஆச்சு? நான் இந்தத் தடவை எதையுமே விட மாட்டேன். ஆனா பயமா இருக்கு. போகலாமா, வேண்டாமா? நீங்களும் சின்ன வயசுல இப்படிச் சொல்லிட்டு வருவீங்கன்னு அப்பா சொன்னார், அதான் கேக்குறேன்.

அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லாதீங்க. சீக்கிரம் எழுதுங்க.

மிளகு


ஜூலை 16

தம்பி,

எப்படி இருக்கன்னு கேக்க மாட்டேன், தெரியும்.

உன் மகள் எழுதினதை இதோட வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு கேட்டிருக்கா. நம்ம குடும்பத்துல ரகசியம் காத்தது போதும், நான் காக்க மாட்டேன். இந்தத் தடவை ஒரு நாள் கூடத் தாமதிக்கல. கடிதம் கைக்கு வந்ததும் உன் பொண்டாட்டிக்கு போன் போட்டுட்டேன். அவ என்கிட்ட பேச இஷ்டமில்லாமலே முழுசாக் கேட்டா. அன்னிக்கே வண்டி பேட்டரியைக் கழட்டிப் பக்கத்து வீட்டுக்குள்ள வச்சிட்டா. நீ இப்பச் சாவியைப் போட்டுத் திருகினா அது முனகக் கூடச் செய்யாது. அந்த ரெண்டாவது சாவியை அவ உன்கிட்ட கேக்க மாட்டாளாம். நீயா கொடுக்கிறியான்னு பார்க்கப் போறாளாம்.

இனிமே ஓட்டாதன்னு போன மாசம் நான் சொன்னப்ப போன்ல நீ "சரிக்கா"ன்னு சொன்னதை நான் எடுத்துக்கல.

மிளகு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கா, அதுக்கு நான் பதில் எழுதப் போறதில்ல. "நான் இல்லாததாலதானே அப்பாவுக்கு இப்படி ஆச்சு?" படிச்சியா? அந்த வயசுல நான் அப்பாகிட்ட கேட்டிருக்க வேண்டியது அது. கேக்கத் தெரியல எனக்கு. இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ முன்னாடி உட்கார்ந்து, மூஞ்சியைப் பார்த்து, நீயே சொல்லு. உனக்கு நடு நல்லாத்தானே தெரியுது.

கம்பெனியில லீவு சொல்லியிருக்கேன். மாசக் கடைசியில வர்றேன்.

அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் இருக்கோம். உன் முட்டிக்கு பஸ் ஆகாது, ரயில்ல வா. மச்சானையும் கூட்டிட்டு வா.

சாவியைக் கொடுத்துட்டேன். மிளகு அம்மா கையை நீட்டி வாங்கிக்கிட்டா. வண்டியை அந்தக் கோர்ட்டு டைப்பிஸ்டு அம்மாவோட தங்கச்சி எடுத்துக்கிறாங்க, அடுத்த வாரம் ஆள் வருது. பேட்டரி போனதால கொடுத்தேன்னு நினைச்சுக்காத. உன் கடிதம் வந்து நாலு நாள் அந்தச் சாவியைப் பாக்கெட்டுலதான் வச்சிருந்தேன். பேட்டரி வேற எங்க வாங்கலாம்னு கூட யோசிச்சேன். அவ்வளவு கேவலமாப் போயிட்டேன்.

அப்புறம் மிளகைக் கூப்பிட்டு உட்கார வச்சு நீ சொன்ன மாதிரி சொன்னேன். உன்னால எதுவும் ஆகலடா, பார்த்துச் சொல்றது உன் வேலையே இல்ல, அப்பா உன்னை அந்த சீட்டுல உட்கார வச்சதுதான் தப்புன்னேன். நல்லாத்தான் பேசினேன். கடைசியில அவளைத் தேத்தறதா நினைச்சு, "நீ ஒரு தடவை கூட எதையும் விட்டதில்லையே"ன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "விட்டிருக்கேன்பா"ன்னா.

ஆத்துப் பாலம் வழியாப் போனோமே ஒரு நாள், அன்னிக்கு வெயில் மூஞ்சியில அடிச்சதாம், தூங்கிட்டாளாம். முழிச்சுப் பார்த்தப்ப பாலம் பின்னாடி போயிடுச்சாம், நான் பாடிட்டே ஓட்டிட்டிருந்தேனாம். சொன்னா மந்திரிப் பதவி போயிடும்னு சொல்லலையாம். அதுலேருந்து வண்டியில ஏறினா தொடையைக் கிள்ளிட்டே வருவாளாம், தூக்கம் வரக் கூடாதுன்னு. காட்டினா. கன்னிப் போய்க் கிடக்கு.

உனக்கு அந்தப் பாலம் தெரியாது. குறுகல். இடப்பக்கக் கட்டையில மீன் பிடிக்கிறவங்க வரிசையா உட்கார்ந்திருப்பாங்க, பிள்ளைகுட்டிங்க காலைத் தொங்கப் போட்டுட்டு விளையாடும். எனக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்குக்கா. வண்டி வாங்கினதுக்கு அப்புறம் நான் ரொம்பச் சந்தோஷமா இருந்த நாள் அது. அவகிட்டேருந்து ஒரு சத்தமும் வரல, அதனால ரோடு காலியா இருக்குன்னு நினைச்சேன்.

தம்பி